15 நிமிடத்துக்கு ஒரு எண்: கழிமுகத்தைத் தரவு வழியாகச் சொல்லித் தருவது

பள்ளிப் புத்தகங்களில் கழிமுகம் என்றால் பெரும்பாலும் ஒரு படம்தான். இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் கடல், நடுவே எதிரெதிராக இரண்டு அம்புக்குறி. கீழே "நன்னீரும் உவர்நீரும் கலக்கும் இடம்" என்று ஒரு வரி. அந்த வரியில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் படித்து முடித்த பிள்ளைக்கு ஒரு விஷயம் மட்டும் போய்ச் சேராது: அங்கே எதுவும் நிலையாக இல்லை. காலை 6 மணிக்குக் கடலாக இருந்த இடம் மதியம் ஆறாக இருக்கும். படம் அசையாது, கழிமுகம் அசைந்துகொண்டே இருக்கும். அதனால் படத்தை விட்டுவிட்டு எண்களில் இருந்து தொடங்கினால் என்ன என்று தோன்றியது.

எங்கள் அடுக்ககத்துப் பசங்க ஏழெட்டுப் பேர், எட்டாவதிலிருந்து பதினொன்றாவது வரை, ஞாயிற்றுக்கிழமைகளில் கணினி கற்றுக்கொள்ள வருவார்கள். பைதான் சொல்லிக் கொடுக்கிறேன் என்று ஆரம்பித்தது. பயிற்சிக்கு ஏதாவது நிஜமான தரவு வேண்டும். கிரிக்கெட் ஸ்கோர், பங்குச்சந்தை எல்லாம் எல்லோரும் செய்வது. நான் தேர்ந்தெடுத்தது அமெரிக்கக் கழிமுகங்களின் நீர்த் தரவு. ஏன் அமெரிக்கா என்று பசங்க மட்டுமல்ல, அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் கேட்டார்கள். பதில் எளிது. 15 நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்த அளவு, ஆண்டுக்கணக்கில் தொடர்ச்சியாக, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அதைவிட முக்கியமாக, எந்த எண்ணை நம்பலாம், எந்த எண்ணை நம்பக்கூடாது என்றும் கூடவே எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தக் கடைசி விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். பாடத்தின் பாதி அதில்தான் இருக்கிறது.

1972இல் அமெரிக்கா கடலோர மண்டல மேலாண்மைச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன்கீழ் சில கழிமுகங்களை ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் என்றே ஒதுக்கினார்கள். முதலாவது, 1974இல், ஓரிகன் மாநிலத்தின் சவுத் ஸ்லூ. இன்று அலாஸ்காவிலிருந்து போர்ட்டோ ரிக்கோ வரை சுமார் 30 இடங்கள். நோவா என்கிற அவர்களுடைய கடல், வளிமண்டல நிர்வாகமும் அந்தந்த மாநிலங்களும் சேர்ந்து நடத்துகின்றன. 1995இல் இந்த ஒதுக்கிடங்களில் ஒரே முறையில், ஒரே மாதிரிக் கருவிகளோடு நீரை அளக்கத் தொடங்கினார்கள். எல்லாத் தரவும் தென் கரோலினா பல்கலைக்கழகத்தின் பாரூக் கடல் ஆய்வுக்கூடத்தில் உள்ள ஒரு மைய அலுவலகத்துக்கு வந்து சேர்ந்து, அங்கிருந்து பொதுமக்களுக்குப் போகிறது. பள்ளி ஆசிரியர்களுக்காகவே கழிமுகப் பாடத்திட்டம் ஒன்றும், ஆசிரியர்களைச் சேற்றில் இறக்கிவிடும் பயிற்சி முகாம்களும் உண்டு.

கருவி என்பது கை நீளத்துக்கு ஒரு குழாய். அடியில் வரிசையாகச் சென்சார்கள். பாலத்தின் தூணிலோ மரக்கட்டையிலோ ஒரு பிளாஸ்டிக் பைப்பைக் கட்டி, அதற்குள் இதை இறக்கிவிடுவார்கள். வெப்பநிலை, மின்கடத்தல், கரைந்த ஆக்சிஜன், பிஎச், கலங்கல், ஆழம் என்று அது அளந்துகொண்டே இருக்கும். ஒரு மணிக்கு 4, ஒரு நாளைக்கு 96, ஒரு வருஷத்துக்கு 35,040 வரிசைகள். ஒரு நிலையத்துக்கு மட்டும்.

உப்பை யாரும் நேரடியாக அளப்பதில்லை என்பது பசங்களுக்கு முதல் ஆச்சரியம். தண்ணீரில் உப்பு கூடினால் மின்சாரம் எளிதாகப் பாயும். கருவி அந்த மின்கடத்தலை அளந்து, வெப்பநிலையையும் சேர்த்துக்கொண்டு, ஒரு சூத்திரம் போட்டு உவர்ப்பைச் சொல்கிறது. திறந்த கடலில் இந்த எண் சுமார் 35, ஆற்று நீரில் 0.5க்கும் கீழே. கழிமுகம் என்பது இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் நடக்கிற ஊசலாட்டம்.

முதல் பயிற்சிக்கு சவுத் ஸ்லூவின் மூன்று நிலையங்களை எடுத்துக்கொண்டோம். கடல்வாய்க்கு அருகே சார்ல்ஸ்டன், நடுவில் வலீனோ தீவு, உள்ளே தள்ளி வின்செஸ்டர் கிளை. நான் எந்த நிலையம் எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை. மூன்று கிராஃபையும் பெயரில்லாமல் கொடுத்து, வரிசைப்படுத்துங்கள் என்றேன். ஜூலை மாத உவர்ப்பை வைத்துக் கடலுக்குப் பக்கத்தில் இருப்பதைச் சட்டென்று கண்டுபிடித்துவிட்டார்கள். அது 30க்கு மேலே, பெரிதாக அசையாமல் ஓடுகிறது. ஜனவரி மாதத் தரவைக் கொடுத்தபோதுதான் வேடிக்கை. ஓரிகன் கடற்கரையில் மழை குளிர்காலத்தில், வெயில்காலம் கிட்டத்தட்ட வறட்சி. ஜனவரியில் ஓடைகள் பெருக்கெடுக்கும்போது உள்ளே இருக்கும் நிலையம் ஏறக்குறைய நன்னீராகவே ஆகிவிடும். கடல்வாயில் இருக்கும் நிலையம்கூட வற்றத்தின்போது தொப்பென்று இறங்கி, ஏற்றத்தின்போது மறுபடி ஏறும். "அங்கிள், இது ஒரே இடமா?" என்று ஒரு பெண் கேட்டாள். ஒரே இடம்தான். புத்தகத்துப் படத்தில் இதை எங்கே வரைவது?

அடுத்தது கலவைக் கணக்கு. வெந்நீர் விளாவுகிறோமே, அதே கணக்கு. கடல்நீரின் உவர்ப்பு 32, ஆற்று நீருடையது 0 என்று வைத்துக்கொள்வோம். கருவி 24 என்று காட்டினால், அந்த நிமிடத்தில் கருவியைத் தொட்டுக்கொண்டிருக்கும் நீரில் நாலில் மூன்று பங்கு கடல். 8 காட்டினால் நாலில் ஒரு பங்கு. விகிதம் தெரிந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடலாம். ஆனால் இதற்குள் ஒரு பெரிய கருத்து ஒளிந்திருக்கிறது. உப்பு கலக்குமே தவிர, வழியில் உண்டாகாது, காணாமலும் போகாது. ஆகவே உவர்ப்பைக் கலவைக்கான அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். இப்போது வேறொன்றை, உதாரணமாக நைட்ரேட்டை எடுத்து, கிடையச்சில் உவர்ப்பு, நெட்டச்சில் நைட்ரேட் என்று புள்ளி வையுங்கள். (இந்த நிலையங்களில் மாதம் ஒரு முறை சத்துப்பொருள்களுக்கான நீர் மாதிரியும் எடுக்கிறார்கள்.) ஆற்று முனையையும் கடல் முனையையும் ஒரு நேர்கோட்டால் இணையுங்கள். புள்ளிகள் கோட்டின்மேல் விழுந்தால் நடப்பது வெறும் கலவை. கோட்டுக்குக் கீழே தொங்கினால் வழியில் யாரோ தின்கிறார்கள், பாசியோ சேற்று நுண்ணுயிரோ. மேலே எழும்பினால் வழியில் யாரோ கொட்டுகிறார்கள். ஒரு நேர்கோட்டை வைத்துக்கொண்டு இவ்வளவு துப்பறியலாம் என்பது எனக்கே நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிய வந்தது. இன்ஜினியரிங் படித்தபோது நாங்கள் போட்ட நேர்கோடுகளுக்கு இப்படி ஒரு வேலை இருந்ததாக நினைவில்லை.

ஓதத்தைப் பற்றி நான் எதுவுமே சொல்லவில்லை. ஆழப் பத்தியைக் கிராஃப் போட்டு, அடுத்தடுத்த இரண்டு உச்சிக்கு நடுவே எத்தனை வரிசை என்று எண்ணச் சொன்னேன். 48 வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள், 12 மணி நேரத்துக்கு 48. எண்ணினால் ஒரு தடவை குறைவாக வருகிறது, ஒரு தடவை கூடுதலாக வருகிறது, பல நாட்களுக்குச் சராசரி எடுத்தால் 50க்குப் பக்கத்தில் நிற்கிறது. 12 மணி 25 நிமிடம். ஒரு நாளில் 50 நிமிடம் பின்தங்குகிறது. சூரியன் மட்டும் காரணமாக இருந்தால் பின்தங்காது. அந்த 50 நிமிடம் நிலாவினுடையது. ஓரிகன் கரையில் இன்னொரு விசேஷம், ஒரே நாளில் வரும் இரண்டு ஏற்றமும் ஒரே உயரம் கிடையாது. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. கிராஃபில் பெரியண்ணன் சின்னத்தம்பி மாதிரி மாறி மாறி நிற்கும்.

வெப்பநிலைக் கோட்டில் ஒரு புதிர் வைத்தேன். சார்ல்ஸ்டன் நிலையத்தில் ஜூலையில் ஏற்றம் வந்தால் நீர் குளிர்கிறது. ஜனவரியில் பெரும்பாலும் ஏற்றம் வந்தால் நீர் சற்றுச் சூடாகிறது. ஒரே கடல் ஏன் இரண்டு விதமாக நடக்கிறது? குளிர்காலத்தில் ஓடைநீர் கடலைவிடச் சில்லென்று இருக்கும் என்பது பாதி விடை. மீதிப் பாதி, கோடையில் வடக்கிலிருந்து அடிக்கும் காற்று ஓரிகன் கரையோரத்தின் மேல்நீரைக் கடலுக்குள் தள்ளிவிட, அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. வங்காள விரிகுடாவின் வெதுவெதுப்பில் கால் நனைத்த பிள்ளைகளுக்கு, ஜூலையில் கடல் பல்லைக் கிட்ட வைக்கும் என்பதை நம்ப நேரமானது. எண் இருந்ததால் நம்பினார்கள்.

மூச்சு முட்டும் விடியல்

எல்லாவற்றையும்விடப் பசங்களைப் பிடித்து உட்காரவைத்தது ஆக்சிஜன்தான்.

தண்ணீரில் கரைகிற ஆக்சிஜனுக்கு ஒரு வரம்பு உண்டு. 20 டிகிரி நன்னீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம், 30 டிகிரியில் சுமார் 7.5. உப்பு சேர்ந்தால் இன்னும் குறையும். 5க்குக் கீழே இறங்கினால் பல மீன்கள் தடுமாறும். 2க்குக் கீழே போனால் ஓட முடிந்தது ஓடும், சேற்றில் ஒட்டிக்கொண்டிருப்பது சாகும். இதற்குள் தினமும் ஒரு நாடகம். பகலில் பாசியும் கடற்புல்லும் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை விடுகின்றன. நல்ல வெயில் பிற்பகலில் அளவு 100 சதவீதத்தையும் தாண்டும். அதெப்படி நூற்றுக்கு மேலே என்று கேட்பார்கள். காற்றோடு சமநிலையில் இருந்தால் எவ்வளவு கரையுமோ அதுதான் 100. செடிகள் அதைவிட வேகமாக உற்பத்தி செய்தால், காற்றுக்குத் தப்பிப்போக நேரம் கிடைக்காமல் நீரிலேயே மிகுதியாக நிற்கும். சோடா பாட்டில் மாதிரி. ராத்திரியில் ஒளிச்சேர்க்கை நின்றுவிடும், மூச்சு விடுவது நிற்காது. மீன், நண்டு, பாசி, சேற்றுப் பாக்டீரியா எல்லாம் சேர்ந்து இருப்பில் கைவைக்கும். விடிவதற்குச் சற்று முன்பு இருப்பு மிகக் குறைவு. நம் ஊர்க் குளங்களில் கோடையில் மீன் செத்து மிதந்தால் அதைப் பெரும்பாலும் காலையில்தான் பார்க்கிறோம், கவனித்திருக்கிறீர்களா? யாரோ ராத்திரியில் விஷம் வைத்துவிட்டார்கள் என்ற பேச்சும் அதனால்தான் எழும். சில சமயம் அது உண்மையாக இருக்கலாம். ஆனால் விஷமே இல்லாமலும் விடியற்காலையில் இது நடக்கும்.

கழிமுகத்தில் இது இன்னும் சிக்கல். ஆக்சிஜன் கோட்டில் இரண்டு தாளம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். சூரியனுடையது 24 மணி, ஓதத்துடையது 12 மணி 25 நிமிடம். ஏற்றத்தில் கடல்நீர் வந்தால் பல இடங்களில் அது ஆக்சிஜனைக் கொண்டுவரும், வற்றத்தில் சதுப்பிலிருந்து ஆக்சிஜன் குறைந்த நீர் வடிந்து வரும். ஓதம் தினமும் 50 நிமிடம் நழுவுவதால் வற்றம் சில நாள் மாலையில் விழும், சில நாள் விடியலில் விழும். சுமார் 15 நாளுக்கு ஒரு முறை விடியலும் வற்றமும் ஒன்றின்மேல் ஒன்று வந்து உட்காரும். அந்த நாட்களின் விடியற்காலைதான் மோசம். பதினொன்றாவது படிக்கிற பையன் ஒருவன் இதைக் கிராஃபில் கண்டுபிடித்துவிட்டு, பள்ளியில் இரண்டு சைன் அலைகளைக் கூட்டச் சொல்லித் தந்தார்கள், எதற்கென்று இன்றைக்குத்தான் தெரிகிறது என்றான். பிஎச் கோடும் ஆக்சிஜனோடு கைகோத்தே நடக்கும், ஏனென்றால் பகலில் செடிகள் கரியமில வாயுவை உறிஞ்சுவதால் நீரின் அமிலத்தன்மை குறைகிறது. இதை அவர்களே கவனித்தார்கள், நான் பெயர் மட்டும் சொன்னேன்.

பொய் சொல்லும் எண்கள்

இனி, முன்பு சொன்ன விஷயம். ஃபைலைத் திறந்தால் ஒவ்வொரு அளவுக்குப் பக்கத்திலும் இன்னொரு பத்தி இருக்கும். அதில் சின்னச் சின்ன எண்கள். 0 என்றால் முதல்கட்டச் சோதனையில் தேறியது. 1 என்றால் சந்தேகம். கழித்தல் 2 என்றால் தரவே இல்லை, கழித்தல் 3 என்றால் நிராகரிக்கப்பட்டது, கழித்தல் 4உம் 5உம் சென்சாரின் எல்லைக்குக் கீழே அல்லது மேலே போனது, 5 என்றால் திருத்தப்பட்டது. கெட்ட எண்ணை அழித்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். எண் அங்கேயே இருக்கிறது, பக்கத்தில் குற்றப்பத்திரிகையோடு.

20 வருஷமாக மென்பொருள் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இது மிகப் பெரிய நாகரிகம். நான் பார்த்த பல நிறுவனங்களின் தரவுத்தளங்களில், வராத அளவுக்குப் பதிலாகப் பூஜ்யம் போட்டுவைக்கும் பழக்கம் உண்டு. பூஜ்யம் என்பது ஓர் அளவு. "அளக்கவில்லை" என்பது வேறு சங்கதி. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் பிறகு பிரம்மாவாலும் பிரிக்க முடியாது.

பசங்களுக்கு அந்தப் பத்தியை மறைத்துவிட்டு ஃபைலைக் கொடுத்தேன். உவர்ப்பு 28இல் ஓடிக்கொண்டிருக்கிறது, திடீரென்று பூஜ்யத்துக்கு விழுகிறது, ஒன்றரை மணி நேரம் கழித்து மறுபடி 28. என்ன நடந்தது? பெருமழை என்று ஒரு கட்சி. கருவி ரிப்பேர் என்று இன்னொரு கட்சி. மற்றப் பத்திகளையும் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். ஆழம் அந்த நேரத்தில் கிட்டத்தட்டப் பூஜ்யம். வெப்பநிலை சட்டென்று எகிறியிருக்கிறது. பெரிய வற்றத்தில் நீர் இறங்கி, கருவி அந்தரத்தில் தொங்கிக்கொண்டு காற்றை அளந்திருக்கிறது! மழையாக இருந்தால் இப்படிச் செங்குத்தாக விழாது, ஏற்ற வற்றத்தோடு ஆடி ஆடி இறங்கும், கலங்கலும் பெரும்பாலும் கூடவே ஏறும், மீள்வதற்குச் சில நாட்கள் பிடிக்கும்.

இன்னொன்று இதைவிட நுட்பம். உவர்ப்பு இரண்டு மூன்று வாரமாக மெல்ல மெல்ல இறங்குகிறது. பிறகு ஒரே அடியில் மேலே குதிக்கிறது. மறுபடி மெல்ல இறக்கம். ரம்பத்தின் பல் மாதிரி. இயற்கையில் ரம்பப் பல் கிடையாது. கருவிமேல் பாசி படிகிறது, சிப்பி மாதிரி ஒட்டுயிர்கள் குடியேறுகின்றன, மின்கடத்தலை அளக்கும் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. அளவு குறைந்துகொண்டே வருகிறது. ஆய்வாளர் படகில் போய் அழுக்குக் கருவியை எடுத்துவிட்டுச் சுத்தமான கருவியை வைத்த நிமிடம்தான் அந்தக் குதிப்பு. இதைத் தடுக்கச் சென்சார்களைத் துடைக்க ஒரு சின்ன பிரஷ், ஒட்டுயிர்களுக்குப் பிடிக்காத செம்புக் கவசம் எல்லாம் வைத்திருக்கிறார்கள். கோயில் தீர்த்தத்துக்குச் செம்புப் பாத்திரம் ஏன் என்று ஒரு பாட்டி இந்த இடத்தில் எங்கள் வகுப்புக்குள் நுழைந்து அரை மணி நேரத்தை எடுத்துக்கொண்டார், அது தனிக்கதை.

நேரக் குறியீட்டிலும் ஒரு பாடம் இருக்கிறது. அமெரிக்காவில் மார்ச்சில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, நவம்பரில் பின்னால் இழுப்பார்கள். இந்தத் தரவில் அது கிடையாது, வருஷம் முழுக்க அந்த இடத்தின் நிலையான நேரம்தான். இல்லையென்றால் மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிலாவே ஒரு மணி நேரம் தாவியது மாதிரி கிராஃபில் தெரியும். ஓரிகன் நிலையான நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் வித்தியாசம் 13 மணி 30 நிமிடம்.

இவ்வளவு அழுக்கையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமா, சுத்தம் செய்த தரவைக் கொடுத்தால் போதாதா என்று ஆசிரியையான என் தங்கை கேட்டாள். நியாயமான கேள்வி. 40 நிமிட வகுப்பில் 50 பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவளால் இதையெல்லாம் செய்ய முடியாது. அவளுக்கு நான் சொன்ன வழி, முதலில் சுத்தமான இரண்டு வாரத் தரவு, பிறகு ஒரே ஒரு அழுக்குப் பக்கம். அந்த ஒரு பக்கத்தை மட்டும் விட்டுவிடாதே. எண் என்று அச்சில் வந்தாலே உண்மை என்று நம்புகிற பிள்ளையும், எண்ணெல்லாம் பொய் என்று உதறுகிற பிள்ளையும் வளர்ந்தபின் ஒரே மாதிரிதான் ஏமாறுவார்கள்.

ஒரு சிப்பி வழக்கு

தரவு எதற்கு ஆகும் என்று காட்ட நான் எடுத்துக்கொண்டது புளோரிடாவின் அப்பலாச்சிகோலா விரிகுடா. இதுவும் அந்த 30 இடங்களில் ஒன்று, 1979இலிருந்து. ஒரு காலத்தில் புளோரிடாவில் பிடித்த சிப்பிகளில் சுமார் 90 சதவீதமும், அமெரிக்கா முழுவதற்குமான சிப்பியில் சுமார் 10 சதவீதமும் இங்கிருந்துதான். ஒரு ஊரே சிப்பியால் வாழ்ந்தது. காரணம் உவர்ப்பு. சிப்பிக்கு உப்பு வேண்டும், ஆனால் கடல் அளவுக்குக் கூடாது. நடுத்தர உவர்ப்பில் அது செழிக்கும். அதைத் தின்ன வரும் கடல் நத்தைகளோ, ஓட்டில் துளைபோட்டு உள்ளே இருப்பதைத் தின்கிற ரகம், உப்பு குறைந்த நீரைத் தாங்காது. ஆற்று நன்னீர்தான் சிப்பிக்குக் கோட்டைச் சுவர்.

அந்த ஆறு ஜார்ஜியா மாநிலத்திலிருந்து வருகிறது. மேலே அட்லாண்டா நகரம் குடிக்கிறது, தென்மேற்கு ஜார்ஜியாவின் வயல்கள் குடிக்கின்றன. 2012இல் கடும் வறட்சி. ஆற்றில் நீர் குறைந்தது, விரிகுடாவில் உவர்ப்பு ஏறியது, நத்தையும் நோயும் உள்ளே வந்தன, சிப்பி வளம் சரிந்தது. புளோரிடா 2013இல் ஜார்ஜியாமீது உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

இந்த இடத்தில் வகுப்பில் எல்லோருக்கும் ஒரே சொல்தான் வாயில் வந்தது. காவிரி.

கேட் பாயிண்ட், டிரை பார் என்ற இரண்டு சிப்பிப் படுகை நிலையங்களின் உவர்ப்பை எடுத்துக்கொண்டு, பாதிப் பேர் புளோரிடா, பாதிப் பேர் ஜார்ஜியா என்று பிரித்து வாதாடச் சொன்னேன். புளோரிடாக்காரர்கள் ஏறுகிற உவர்ப்பைக் காட்டி ஜெயித்துவிட்டதாக நினைத்தார்கள். ஜார்ஜியாவில் இருந்த அந்தப் பெண் எழுந்து, உவர்ப்பு ஏறியது சரி, அது நாங்கள் குடித்ததாலா, மழை இல்லாததாலா, இதில் எங்கள் பங்கு எவ்வளவு என்று இந்தக் கிராஃப் சொல்கிறதா என்றாள். சொல்லவில்லை. உவர்ப்பு ஒரு விளைவு. அதற்குக் காரணங்கள் பல. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். ஜார்ஜியாவின் நுகர்வுதான் சரிவுக்குக் காரணம் என்பதைப் புளோரிடா போதுமான அளவு நிரூபிக்கவில்லை, சரிவுக்கு முந்தைய ஆண்டுகளில் சிப்பியை அளவுக்கு மீறி அள்ளியதும், குஞ்சுச் சிப்பிகள் ஒட்டி வளர்வதற்காக ஓடுகளைத் திரும்பக் கொட்டும் வேலையைச் சரியாகச் செய்யாததும் சாட்சியத்தில் இருக்கிறது என்றது தீர்ப்பு. அதற்கு முன்பே, 2020 டிசம்பரில், புளோரிடா தன் விரிகுடாவில் சிப்பி எடுப்பதை ஐந்து ஆண்டுகளுக்கு நிறுத்திவைத்திருந்தது. வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று பசங்களுக்குள் இன்னும் தீரவில்லை. எனக்கும் புளோரிடாமேல் ஒரு சாய்வு உண்டு, கடைமடைக்காரன் புத்தி அது. ஆனால் அந்தப் பெண் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் சாய்வை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

காவிரிப் பக்கம் ஒரு குறிப்பு. நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பில் பங்கிட்ட 740 டி.எம்.சி.யில், சுற்றுச்சூழலுக்காக 10 டி.எம்.சி.யும், தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதாக 4 டி.எம்.சி.யும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு வெள்ளத்தின்போதும் "தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது" என்ற வாக்கியத்தை நாம் கேட்கிறோம். அப்பலாச்சிகோலாவின் உவர்ப்புக் கோட்டை ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளால் அந்த "வீணாக" என்ற சொல்லை இனிமேல் சும்மா விட முடியவில்லை. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கும் அங்கே இறாலும் நண்டும் பிடிக்கிறவர்களுக்கும் காவிரியின் கிளைகள் கொண்டுவரும் நன்னீர் கணக்கில் வருமா, வராதா? எத்தனை டி.எம்.சி. கலந்தால் அது வீண், எத்தனை கலக்காவிட்டால் அது கேடு? விவசாயம் பார்க்கும் தாத்தா உள்ள பையன் ஒருவன், குறுவைக்குத் தண்ணீர் இல்லாத வருஷத்தில் இதைத் தாத்தாவிடம் சொன்னால் அடி விழும் என்றான். விழும்தான். தாத்தா பக்கத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது, அதையும் எடுத்து வா என்று அனுப்பியிருக்கிறேன்.

இதை உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ செய்துபார்க்க விரும்பினால் சில நடைமுறைக் குறிப்புகள். ஒரு வருஷத் தரவை முதலிலேயே எடுக்காதீர்கள், 35,000 வரிசையைப் பார்த்ததும் பிள்ளைகளுக்குக் கண்ணைக் கட்டிவிடும். அமாவாசையோ பௌர்ணமியோ உள்ளே வருகிற மாதிரி இரண்டு வாரம் போதும். பைதான் அவசியமில்லை, எக்செல் தாராளம். அமெரிக்கப் பேரேரிகளின் கரையில் இருக்கும் நிலையங்களை ஆரம்பத்தில் தவிர்த்துவிடுங்கள், அங்கே ஆறு கலப்பது நன்னீர் ஏரியில், உப்புக் கணக்கு வேலை செய்யாது. ஆழத்தையும் உவர்ப்பையும் ஒரே கிராஃபில், ஒன்றன்கீழ் ஒன்றாகப் போடுங்கள். முதல் அரை மணி நேரம் எதையும் விளக்காமல் உட்காருங்கள், இதுதான் எனக்குக் கஷ்டம். உவர்ப்புக் கோடு எங்காவது தொப்பென்று விழுந்திருந்தால், அதே நிமிடத்து ஆழத்தையும் வெப்பநிலையையும் பார்க்கச் சொல்லிவிட்டுக் காபி போட எழுந்து போய்விடலாம்.